மடியிலிருந்த பியூஸ் கட்டை

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் நின்று, ரேடியோ ரிப்பேர் செய்த தேசப்பன் கடை எங்கே இருந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "யாரு, டூப்ளிகேட் தேசப்பனா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பட்டத்தை வைத்தவர் எங்கள் உப்பள முதலாளி பக்தவச்சலம். ஒரே வாரத்தில் அது ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. டூப்ளிகேட் சாமானை விற்றவன் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் மூஞ்சியை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஏமாந்தவனுக்கு மூஞ்சி இருந்தது, கடை இருந்தது, கடைமேல் பெயர்ப் பலகை இருந்தது. அதனால் பட்டம் அவனுக்குப் போயிற்று. பல வருஷமாக இது எனக்கு வயிற்றெரிச்சல். நான் ஆறாம் வகுப்பு தாண்டாதவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதாமல் விட்டால் அந்தப் பட்டம் மட்டும்தான் மிஞ்சும்.

என் பெயர் சுப்ராயன். பக்தவச்சலத்தின் அளத்தில் மோட்டார் ஓட்டினவன். உப்பங்கழித் தண்ணீரை இறைத்து உப்புப் பாத்திக்குப் பாய்ச்சுவது என் வேலை. முன்னே எங்களிடம் எண்ணெய் இன்ஜின் இருந்தது. சுனாமி வந்து இன்ஜினையும் கொட்டகையையும் சேர்த்து வாரிக்கொண்டு போன பிறகு, அடுத்த வருஷம் கரண்டு மோட்டார் வைத்தார்கள். வடக்கே ஒரு கொட்டகை, தெற்கே ஒன்று.

உப்புத் தண்ணீரில் கரண்டு எப்படிப் பாயும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் வெறுங்காலோடு நிற்பவர்கள் உப்பு வாரும் பெண்கள். உறிஞ்சு குழாயில் அடிக்கடி பாசி அடைத்துக்கொள்ளும். யாராவது அந்தக் குழாய் இறங்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கையால் எடுக்க வேண்டும். அந்தப் பயத்தில் பெண்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இறங்குகிறவள் முதலில் கொட்டகைக்குப் போவாள். பீங்கான் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பாள். கட்டை அவள் மடியில் இருக்கிற வரைக்கும் எந்த முதலாளி தலைகீழாக நின்றாலும் மோட்டார் ஓடாது.

இதில் பொன்னிதான் ரொம்பக் கறார். வேலை முடிந்து கரையேறி, கையைக் கழுவி, வெற்றிலை போட்ட பிறகுதான் கட்டையைத் திருப்பித் தருவாள்.

"ஏம்மா, பாத்தி காஞ்சிக்கிட்டு இருக்குது. சீக்கிரம் குடும்மா" என்று பக்தவச்சலம் கரையில் நின்று கத்துவார்.

"இருங்க முதலாளி. மாசமா இருக்கறவள இப்படியா விரட்டுவாங்க?" என்று புடைத்த மடியைத் தடவிக் காட்டுவாள் பொன்னி. மற்ற பெண்கள் உப்புக் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

பொன்னி கூடவே உப்பு வாரினவள் அம்சவல்லி, தேசப்பனின் மனைவி. தேசப்பனுக்குச் சொந்த ஊர் பெரிய முதலியார்சாவடி. ஆரோவில்லில் ஒரு பட்டறையில் சோலார் விளக்குக்குப் பலகை பற்றவைத்துக்கொண்டிருந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு மரக்காணம் வந்து கடை போட்டான். பேச்சு குறைவு. ரிப்பேருக்கு வந்த ரேடியோவை முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பான். "எலி பூந்திருக்குது" என்பான், இல்லையென்றால் "கருகிடுச்சி" என்பான். அவ்வளவுதான். காசைக்கூட எண்ணாமல் டப்பாவில் போடுவான்.

வீட்டுக்காரி தண்ணீரில் நிற்பதை நினைத்து அவன் தூங்கவில்லை போலிருக்கிறது. ஒரு பெட்டி செய்தான். மோட்டாரிலிருந்து துளி கரண்டு தண்ணீருக்குக் கசிந்தாலும் அந்தப் பெட்டி லைனை வெட்டிவிடும். கம்பெனிப் பெட்டிகளும் கடையில் உண்டு. எங்கள் காற்றுக்கு அவை ஒரு பருவம் தாங்காது, துருப்பிடித்துச் செத்துப்போகும். தேசப்பன் பலகை முழுக்க மெழுகு ஊற்றி மூடினான். உள்ளே மூளை மாதிரி ஒரு ஐசி. அதைச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்தான். ஊர் அதை ஷாக் பெட்டி என்றது.

முதல் பருவத்திலேயே தெற்குக் கொட்டகையில் ஒயர் நைந்து கரண்டு கசிந்தது. பெட்டி 'டிக்' என்று வெட்டியது. தொட்டிப் பக்கம் நின்ற அம்சவல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குப் பெண்கள் தேசப்பன் கடைக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தாத குறைதான். எல்லா அளத்துக்காரர்களும் பெட்டி கேட்டார்கள். பெருமுக்கலில் இருந்துகூட ஒரு விவசாயி கிணற்று மோட்டாருக்குக் கேட்டு வந்தார்.

பெட்டி வந்ததும் பியூஸ் பிடுங்குகிற வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "அதான் பெட்டி இருக்குதே" என்று பெண்கள் அப்படியே இறங்கினார்கள். மோட்டார் நிற்காததில் பக்தவச்சலத்துக்குச் சந்தோஷம். பொன்னி மட்டும் கொஞ்ச நாள் முரண்டு பிடித்தாள். பிறகு அவள் மடியும் காலியானது.

அந்தச் சமயத்தில்தான் ஐசி கிடைக்காமல் போயிற்று. கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டதாம். ரிச்சி தெருவில் கையை விரித்தார்கள். தேசப்பன் திண்டிவனத்தில் சரவணகுமார் என்பவர் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போனான். நானும் கூடப் போயிருந்தேன். சரவணகுமார் தட்டித் தேடியதும் திரையில் வந்தது. அதே நம்பர், பளபளவென்று போட்டோ, ஒரிஜினல் என்று கொட்டை எழுத்து.

"ரிச்சி தெருவுலயே இல்லாத சாமான் இவங்கிட்ட மட்டும் எப்பிடிங்க இருக்குது?" என்று தேசப்பன் கேட்டான்.

"உலகம் பூரா இதுல இருக்குது அண்ணே. உங்க ரிச்சி தெரு எம்மாத்தம்?" என்றார் சரவணகுமார்.

டிராஃப்ட் எடுத்து அனுப்பினான். கூரியரில் பார்சல் வந்தது.

எங்கள் பக்கத்தில் இரும்புச் சாமான் எது வாங்கினாலும் ஒரு சோதனை உண்டு. ஆணியோ போல்ட்டோ, வலைப்பையில் போட்டுப் பாத்திக்கு மேலே கொம்பில் கட்டித் தொங்கவிடுவோம். உப்புக் காற்று தின்னாமல் விட்டால் நல்ல சாமான். தேசப்பனும் எல்லாச் சாமானையும் அப்படித்தான் சோதிப்பான். வந்த ஐசிகளை ஒரு பையிலும், கையில் மிச்சமிருந்த பழைய ரிச்சி தெரு ஐசிகளை ஒரு பையிலும் போட்டு என் கொட்டகைப் பக்கம் கட்டினான். அமாவாசைக்குப் பிறகு அவிழ்த்துப் பார்த்தோம். பழையதன் கால்கள் கறுத்திருந்தன. புதியது வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது.

"டேய் சுப்ராயா, பாத்தியா? நம்ம உப்பே தொடல" என்றான். அவன் அவ்வளவு பெரிதாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கறுத்த பழைய ஐசிகளைக் கழியில் வீசிவிட்டான். அவைதான் ஒரிஜினல்.

கடை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து புதுப் பெட்டிகளைச் செய்தான். ஒவ்வொன்றையும் அதிலிருந்த சோதனைப் பட்டனை அமுக்கிப் பார்த்தான். எல்லாம் 'டிக்' என்று வெட்டின. இனி உப்பு பயமில்லை என்று எங்கள் இரண்டு கொட்டகையின் பழைய பெட்டிகளையும் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான்.

இரண்டாயிரத்து ஆறு, சித்திரை வெயில். தகரக் கொட்டகைக்குள் கை வைக்க முடியாது. மத்தியானம் தெற்குக் குழாயில் பாசி அடைத்தது. பொன்னி இறங்கினாள், மடியில் கட்டை இல்லாமல். குழாயைப் பிடித்தவள் பிடித்தபடியே விறைத்துப் போனாள். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. நான் ஓடிப்போய் உப்பு வாரும் பலகையால் மெயினை அடித்து இறக்கினேன். உயிர் தங்கியது. வலது கை விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. பெட்டி 'டிக்' என்று சொல்லவே இல்லை.

மறுநாள் பக்தவச்சலம் பெட்டியைக் கழற்றிக்கொண்டு தேசப்பன் கடைக்கு வந்தார். ஃபேனுக்கு அடியில் வைத்துப் பட்டன் அமுக்கினால், வெட்டுகிறது. திரும்ப அமுக்கினால் திரும்ப வெட்டுகிறது.

பக்தவச்சலம் முகம் மலர்ந்துபோனது. "அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்குது. அவ ஏதோ கைய வெச்சி நோண்டியிருக்கறா. நீ இத எல்லார் முன்னாடியும் சொல்லிடு தேசப்பா. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

தேசப்பன் அதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கடை நிலைத்திருக்கும், பட்டம் வந்திருக்காது. பழி பொன்னி தலையில் போயிருக்கும்.

"மத்தியானம் கொட்டகையில மாட்டிப் பாத்துட்டு சொல்றேங்க" என்றான்.

மாட்டினான். வெயில் ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தான். பிறகு எல்லார் முன்னாலும் பட்டன் அமுக்கினான். பெட்டி கல் மாதிரி இருந்தது. மறுபடி அமுக்கினான். ஒன்றுமில்லை. மெழுகைச் சுரண்டி ஐசியைப் பிடுங்கி, பெயிண்ட் தின்னர் தொட்ட துணியால் அதன் முதுகைத் தேய்த்தான். கறுப்பு துணியில் வந்தது. நம்பரும் கூடவே வந்தது. அடியில் வேறொரு நம்பர் இருந்தது.

"குப்பையில போட்ட பழைய பலகையில இருந்து பிச்சிருக்கான்" என்றான் தேசப்பன். "மேல இருந்த நம்பர ஒரசி, கறுப்பு அடிச்சி, காலுக்குப் புதுசா ஈயம் பூசியிருக்கான். அதான் உப்பு தொடல. சூடு ஏறுனா வேல செய்யாத மட்டமான ஜாதி."

"அப்போ நீ எங்களுக்கு மாட்டுனது டூப்ளிகேட்டு" என்றார் பக்தவச்சலம்.

"ஆமாங்க."

அந்த ஒரு ஆமாங்கவில் எல்லாம் போயிற்று. சரவணகுமாரிடம் ஓடினோம். விற்றவன் பக்கமே திரையில் இல்லை. கடிதம் போட்டால் பதில் இல்லை. உலகம் பூரா அதில் இருந்தது, அவன் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு தேசப்பன் ரேடியோ எதையும் தொடவில்லை. சைக்கிளில் அளம் அளமாகப் போய்த் தன் பெட்டிகளைக் கழற்றினான். சிலர் காறித் துப்பினார்கள். துப்பினாலும் நின்று கழற்றிக்கொண்டுதான் வந்தான். பொன்னி வீட்டுக்குப் போனபோது நானும் இருந்தேன். வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாய்யா. கைதான் போச்சி, வாய் இருக்குது. திட்டறதுக்காவது கிட்ட வந்து நில்லு" என்றாள் பொன்னி.

அவன் போய் நின்றான். அவள் திட்டவில்லை. அம்சவல்லி நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கழற்ற முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று, எங்கள் வடக்குக் கொட்டகைப் பெட்டி. பக்தவச்சலம் அவனை வரப்பில் கால் வைக்க விடவில்லை. "ஓடுறத ஏன்டா புடுங்கணும்? இது நல்ல பெட்டின்னு சொல்லி வெச்சிருக்கறேன், பொம்பளைங்க அத நம்பித்தான் எறங்குறாளுங்க. கழட்டுனா மறுபடியும் கட்டையத் தூக்கி மடியில வெச்சிக்குவாளுங்க. பருவம் பாழாயிடும்" என்றார். அவர்கள் அதை நம்புவதுதான் ஆபத்து என்று தேசப்பன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் அளம் மூழ்கியது, வேலை நின்றது. தேசப்பனுக்குக் கண் மஞ்சளானது. அடுத்து வயிறு வீங்கியது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது அம்சவல்லி இட்லியை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் திறந்தான்.

"வடக்குப் பெட்டி?"

"இருக்குதுடா. மழைக்கு மோட்டாரே போடல. நீ மொதல்ல சாப்புடு."

"தை பொறந்தா போடுவீங்க இல்ல?"

அடுத்த வாரம் அவன் இல்லை. அவன் சொன்னபடி நான் செய்தேன். மோட்டார் போடுவதற்கு முன்னாலேயே செய்தேன். பக்தவச்சலம் அன்றைக்கே என்னை வேலையை விட்டு அனுப்பினார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவன் இருக்கும்போதே நான் அதைச் செய்து, வந்து சொல்லியிருக்கலாமே என்பதுதான் இன்றைக்கும் அறுக்கிறது. ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாக என்னிடம் சொன்னது இதுதான்:

"சுப்ராயா, அந்தப் பெட்டிய நீ கழட்டிடு. ஐசிய குப்பையில போட்டுடாத, எவனாவது பொறுக்கி மறுபடியும் கறுப்படிச்சி வித்துடுவான். கல்லு மேல வெச்சி நசுக்கிடு. அப்புறம் அந்தப் பியூஸ் கட்டைய எடுத்து, பொம்பளைங்க மடியிலயே குடுத்துடுடா."