மேளம் இல்லாத வீடு

வீதியில் கல்யாண மேளம் கேட்டால் பிரான்சுவா பேனாவைக் கீழே வைத்துவிடுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைப்பார். பத்திரத்துக்காக எதிர்ப் பெஞ்சில் காத்திருப்பவர் யாராக இருந்தாலும் சரி, ஊர்வலம் தெருமுனை திரும்பும் வரை அந்த ஆள் இந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தே ஆக வேண்டும். "எங்க வூட்ல இதெல்லாம் கெடையாது. இருநூறு வருசமா கெடையாது. யாகப்பர் உத்தரவு." சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விட்ட எழுத்திலிருந்து மறுபடி தொடங்குவார்.

புதுச்சேரியில் வீடு விற்றாலும், நிலம் பிரித்தாலும், சாகும் முன் உயில் எழுதினாலும் நொத்தேர் ஆபீசுக்குத்தான் வர வேண்டும். அங்கே முப்பத்திரண்டு வருஷமாக நகல் எழுதுகிறவர் பிரான்சுவா. ஒரு பொட்டு மை சிந்தினாலும் முழுத் தாளையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். கடைசி வரியில் 'மூலத்துக்குச் சரியான நகல்' என்று எழுதும்போது வாய்விட்டும் சொல்லிக்கொள்வார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது.

ஆனால் ஆளைப் பார்த்தால் வைராக்கியக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொந்தியும் தொப்பியுமாக இருப்பார். தொப்பியைத் தலையில் போடமாட்டார், கையிலேயே வைத்திருப்பார். "வெயில் பட்டா நெறம் பூடும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே பெரிய மார்க்கெட்டுக்குப் போய், மீன்காரிகள் ஒவ்வொருத்தியிடமும் வம்பளந்து, கிழங்கான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி வருவார். கறிக்குழம்பு வைத்த நாளில் அடுப்படியை இரண்டு தரம் எட்டிப்பார்ப்பார். இப்படி ஒரு மனிதருக்கு யாகப்பரைப் போல ஒரு முப்பாட்டன் வாய்த்தது விதியின் விளையாட்டுத்தான்.

யாகப்பர் அந்தக் குடும்பத்தில் முதன்முதல் பிரெஞ்சுக் கம்பெனிக் காலத்துப் புதுச்சேரிக்கு வந்து குடியேறியவர். மகா கண்டிப்பானவர், ஆடம்பரத்தைப் பாவமென்று வெறுத்தவர் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. அவர் வைத்த சட்டம் மூன்று. கல்யாணத்தில் மேளம் கூடாது, பூமாலை கூடாது, விருந்தில் கறி மீன் கூடாது. ஆறு தலைமுறையாக அந்த வீட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் வெறுங்கழுத்தோடு கோயிலிலிருந்து சத்தமில்லாமல் நடந்து வந்து, சாம்பார் சாதம் சாப்பிட்டுக் குடித்தனத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் ஊரில் கேலி பேசுவார்கள். "பிரான்சுவா வூட்டுக் கல்யாணமா? வூட்லயே துன்னுட்டுப் போ." கேலி பேசப் பேச பிரான்சுவாவுக்குப் பெருமை கூடும்.

அந்தப் பெருமையில்தான் அவர் யாகப்பரைத் தேட ஆரம்பித்தார். சிறு வயதில் குருமடத்தில் இரண்டு வருஷம் இருந்து, பசி தாங்காமல் ஓடிவந்தவர். ஆனாலும் படித்த லத்தீன் வயிற்றோடு போகாமல் மிஞ்சியிருந்தது. பங்குச் சாமியாரிடம் சாவி வாங்கிக்கொண்டு, ஞாயிறு மத்தியானங்களில் கோயில் அலமாரியைத் திறந்து, லத்தீனில் எழுதிச் செல்லரித்த பழைய பதிவேடுகளை, ரெழிஸ்தர்களைப் புரட்டுவார். ஞானஸ்நானம், அடக்கம் என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போனார். இப்படிப் பதினோரு வருஷம். யாகப்பர் 1793-இல் எழுபத்தோரு வயதில் இறந்ததைக் கண்டுபிடித்த அன்று தெருவுக்கே கற்கண்டு கொடுத்தார். கல்யாணங்களை எழுதிய பழைய புத்தகம் மட்டும் துணியில் கட்டித் தனியாகக் கிடந்தது. அதை அவர் பிரிக்கவில்லை. யாகப்பர் கல்யாணம் எப்படி நடந்தது என்றுதான் அவருக்குத் தெரியுமே!

போன வருஷம் மகள் சூசைமேரிக்கு ரெட்டியார்பாளையத்தில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் லூர்துநாதன் பஞ்சாலையில் மேஸ்திரி. தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை. எல்லாம் பேசி முடித்து, வெற்றிலைத் தட்டு மாற்றப்போகும் நேரத்தில் பிரான்சுவா தம் வீட்டு மூன்று சட்டங்களையும் எடுத்துச் சொன்னார்.

"இன்னா சம்மந்தி, கல்யாணமா துக்கமா?" என்றார் லூர்துநாதன். "எனக்கு இருக்கறது ஒரே புள்ள. மேளம் இல்லாம மருமவள இட்டுக்கினு போனா மில்லுல ஒரு பய மதிக்க மாட்டான்."

"யாகப்பர் உத்தரவுங்க. மீற முடியாது."

"எழுத்துல இருக்குதா? காட்டுங்க. சாமியாரு முன்னால எழுதின எழுத்துன்னா நான் வாய மூடிக்கிறேன். இல்லாட்டி இந்தப் பேச்ச இதோட வுட்ருவோம்."

எழுத்தைக் கேட்டதும் பிரான்சுவாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் எழுத்திலேயே கிடப்பவரிடம் போய் எழுத்து இருக்கிறதா என்று கேட்டால்? "வர்ற ஞாயித்துக்கெழம வாங்க. நகலே தரேன்" என்றார். அவர்கள் போன பிறகு சூசைமேரி அப்பாவிடம் வந்து நின்றாள். அதிகம் பேசாத பெண். "எனக்கு மேளம் வேணாம்பா, மால வேணாம். இந்தக் கல்யாணம் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சாயங்காலமே கோயிலுக்குப் போய் அந்தத் துணிக்கட்டைப் பிரித்தார். ஒரு மணி நேரத்தில் யாகப்பர் அகப்பட்டார். 1742-ஆம் வருஷம், மார்ச் மாதம் மூன்றாம் தேதி. மாப்பிள்ளை யாகப்பன், வயது இருபது. பெண் ஞானம்மாள். மாப்பிள்ளை மறுநாள் கம்பெனிக் கப்பலில் வேலைக்கு ஏற வேண்டியிருப்பதாலும், இது தபசுகாலம் ஆனபடியாலும், மேலிடத்து விசேஷ அனுமதியின் பேரில், மேளமும் மாலையும் மாமிச விருந்தும் இல்லாமல் இந்த விவாகம் நடத்திவைக்கப்பட்டது.

பிரான்சுவா அதை நான்கு தரம் படித்தார். பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலத்தில் கல்யாணம் இல்லை, கறி இல்லை, கொண்டாட்டம் இல்லை என்பது ஞானோபதேசம் படிக்கும் குழந்தைக்கும் தெரியும். பாஸ்கு திருநாள் வந்துவிட்டால் எல்லாம் உண்டு. மறுநாள் கப்பலேறும் அவசரத்தில் ஒரு பையன் நாற்பது நாள் பொறுக்க முடியாமல் தாலி கட்டியிருக்கிறான், அவ்வளவுதான். வைராக்கியமும் இல்லை, சட்டமும் இல்லை.

அப்போதுதான் அவர் தாமே வெகு நாளைக்கு முன் நகல் எடுத்து வைத்திருந்த மற்ற ரெழிஸ்தர் குறிப்புகள் புரிந்தன. யாகப்பனின் மூத்த மகனுக்கு அதே வருஷம் டிசம்பரில் ஞானஸ்நானம். 'தகப்பன் கடலில்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அடுத்த குழந்தை ஆறு வருஷம் கழித்து. அத்தனை காலம் ஞானம்மாள் கைக்குழந்தையோடு காத்திருந்திருக்கிறாள். மேளம் இல்லாத தன் கல்யாணத்தைப் பற்றி மகனிடம் சொல்லிச் சொல்லிப் பொழுதைப் போக்கியிருப்பாள். வருத்தத்தை வருத்தமாகச் சொல்ல மனம் வராமல் பெருமையாகச் சொல்லியிருப்பாள். மகன் அதைச் சட்டமாக்கிவிட்டான். பிரான்சுவா இப்படித்தான் கணக்குப் போட்டார். வேறு எப்படி இருந்திருக்க முடியும்?

அந்த லத்தீனைப் படிக்கத் தெரிந்தவர் அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை. சம்பந்தி வீட்டிலும் இல்லை. கப்பலும் தபசுகாலமும் வரும் ஒரே ஒரு வரியை விட்டுவிட்டு எழுதினால் யாகப்பர் யாகப்பராகவே இருப்பார், லூர்துநாதனும் வாயை மூடிக்கொள்வார், கல்யாணமும் நடக்கும். நான்கு நாள் பிரான்சுவா அதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஆபீசில் இரண்டு தாள் கிழித்தார். மனைவி ஆரோக்கியம்மாள் வைத்த கறிக்குழம்பைக் கூட எட்டிப்பார்க்கவில்லை. அவள் பயந்துபோய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். சனிக்கிழமை ஒரு தாளை எடுத்து நகல் எழுத உட்கார்ந்தார். அந்த வரி வந்தது. விட்டுவிட்டு எழுதக் கை வரவில்லை. முழுவதும் எழுதி முடித்து, கடைசியில் 'மூலத்துக்குச் சரியான நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லூர்துநாதன் மனைவியோடு வந்தார். பிரான்சுவா நின்றுகொண்டு லத்தீனில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்தார். தபசுகாலம் என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது. நிறுத்தவில்லை.

லூர்துநாதன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடப்பாவமே! கப்பலுக்கு நேரமாச்சுன்னு கட்டிக்கினு போனவனா உங்க பெரியவரு? அவன் இப்ப இருந்தா எங்கள விட ரெண்டு மேளம் அதிகமா கேட்டுருப்பான் சம்மந்தி!"

பிரான்சுவாவும் சிரித்துவிட்டார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு முப்பாட்டன் ஒருவன் போய், மகன் வயதில் ஒருவன் கிடைத்துவிட்டான். "பாவங்க, பையன். ஒரு நாள்தான் பொண்டாட்டியோட இருந்தான்" என்றார்.

கதவோரம் நின்றிருந்த ஆரோக்கியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சம்பந்திகள் போகும் வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, நம்ம கல்யாணம் வைகாசியில தான ஆச்சு?"

"ஆமா."

"வைகாசியில ஏது தபசுகாலம்?"

பிரான்சுவா கையிலிருந்த நகலை மடித்தார். "எங்கம்மா எனக்குன்னு ஒரு மால கட்டி வெச்சிருந்தாங்க. எறவாணத்துல தொங்கிக்கினே காஞ்சிப் போச்சி" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். கோபமாகச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு தரம் கூட அவள் அதைச் சொன்னதில்லை என்பதுதான் பிரான்சுவாவைச் சுட்டது.

ஆவணியில் கல்யாணம். பெரிய மார்க்கெட்டில் மாலைக்குச் சொல்லிவைத்து, இரண்டு ஆடு பிடித்து, நாயனக்காரர் அம்மாவாசையின் வீட்டுக்குப் பிரான்சுவா தாமே போய்த் தாம்பூலம் வைத்தார். அம்மாவாசை நம்பவே இல்லை. "முசே, இது உங்க வூட்டுக்குத் தானா?" என்று இரண்டு தரம் கேட்டார். முதல் நாளே ஊர் முழுக்கச் செய்தி பரவி, அழைக்காதவர்களும் வந்துவிட்டார்கள்.

பூசை முடிந்தது. சூசைமேரியும் மாப்பிள்ளையும் உள்ளே ரெழிஸ்தரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசலில் மேளம் காத்திருந்தது. பிரான்சுவா வெளியே வந்து, "வாசிங்க" என்றார்.

"பொண்ணு மாப்ள இன்னும் வரலியே முசே?"

"அவங்களுக்கு அப்பறம் வாசிங்க. இது வேற ஒரு கல்யாணத்துக்கு. அந்தப் பையனுக்கும் ஞானம்மாளுக்கும்."

அம்மாவாசைக்குப் புரியவில்லை. இருந்தாலும் நாயனத்தை வாயில் வைத்தார், தவில் சேர்ந்துகொண்டது. பிரான்சுவா இரண்டு கைகளையும் நீட்டிக் கூட்டத்தைப் பின்னால் தள்ளி, தவிலுக்குப் பின்னே இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார். அந்த இடத்தில் யாரும் நுழையாதபடி பார்த்துக்கொண்டு, கண் கலங்க நின்றார்.

பெண்கள் கூட்டத்திலிருந்து ஆரோக்கியம்மாள் வந்தாள். பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், அந்த இடத்தில் போய் நின்றாள். மணப்பெண் நிற்கும் பக்கமாக நின்று, நேரே தெருவைப் பார்த்தாள்.

பிரான்சுவா கூட்டத்தை மறித்திருந்த கைகளை இறக்கினார். அவள் பக்கத்தில் போய் நின்று அம்மாவாசையிடம், "நடங்க" என்றார்.