புரையாக இருக்கட்டும்

அஃப்ஸர் ஜஹான் அக்காவும் நானும் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மேஜை. மேஜைக்கு மேலே கண்ணாடி, அடியில் டியூப் லைட். ஆட்டுத்தோலை அதன்மேல் விரித்து ஓட்டை தேடுவதுதான் வேலை. கறுப்புத் தோல் சுலபம். வெளிச்சத்தை மொத்தமாக அடைத்துவிடும். உண்ணி கடித்த ஓட்டை மட்டும் பளிச்சென்று தெரியும். ஷூவுக்கு உள்ளே வைக்கிற வெள்ளைத் தோல்தான் பேஜார். தோல் முழுக்க மங்கலாக வெளிச்சம் கசியும், அதில் எங்கே போய் ஓட்டையைப் பிரித்துப் பார்ப்பது? எனக்குப் பிடிபட இரண்டு வருஷம் ஆனது. அக்கா இருபது வருஷமாகப் பார்க்கிறாள். புருஷன் இல்லை, மகள் ஹஃப்ஸா காலேஜில் படிக்கிறாள். அந்தக் கண்தான் அந்த வீட்டுக்குச் சோறு.

போன மாசம் அக்கா பாஸ் செய்த தோலெல்லாம் தையலிலிருந்து திரும்பி வந்தது. சூப்பர்வைசர் நவீன்குமார் எல்லார் முன்னாலும் ஒரு வெள்ளைத் தோலை விரித்து, "எத்தினி ஓட்டை சொல்லுங்க" என்றான். அக்கா, "ரெண்டு" என்றாள். ஏழு இருந்தது. ஓரத்தில் இருந்த ஐந்தும் அவளுக்குத் தெரியவேயில்லை.

"கண்ணைக் காட்டி சரி பண்ணிக்கினு வாங்க. இல்லேன்னா வர்றதே வேணாம்."

"இருவது வருஷம் ஒழைச்சவங்க கிட்ட இப்டியா பேசுவ?" என்று நான் கத்தினேன். அக்கா என் கையை அமுக்கினாள்.

"வுடுடி சௌந்தர்யா. புரைதான். கண்ணுக்குள்ள வெள்ளைத் தோலு ஒண்ணு விழுந்துக்குது, அவ்ளோதான். எங்க தெரு வஜீதாவுக்கு புரையை உரிச்சி எடுத்துட்டாங்க, இப்ப ஊசில நூல் கோக்குறா."

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. புரையாக இருக்க வேண்டுமென்று துவா. நோய் வேண்டுமென்று யாராவது வேண்டுவார்களா? நானும் என் சாமியிடம் அதையேதான் வேண்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே புள்ளி வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அக்காவின் விரல் ரொம்ப நேரம் சும்மாவே இருந்தது.

டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "புரையே இல்லம்மா. லென்ஸ் கண்ணாடியாட்டம் இருக்கு. வெளிச்சம் நல்லா உள்ளே போவுது. பின்னாடி நரம்புதான் ஓரத்துலேர்ந்து செத்துக்கிட்டு வருது. போன பார்வை வராது, மீதியைக் காப்பாத்தலாம். கண்ணுக்கு ஏதாவது மருந்து விட்டீங்களா?"

"கெமிக்கல் எரிச்சலுக்கு, மெடிக்கல்ல வாங்கி. நாலு வருஷமா, டெய்லி" என்றாள் அக்கா.

"அதுல ஸ்டீராய்டு இருந்திருக்கும். அதுதான் கண்ணுக்குள்ள பிரஷரை ஏத்தி நரம்பைக் கெடுத்திருக்கு."

அந்த மருந்தை எங்கள் ஹால் முழுக்கப் போடுகிறோம். ஒரு பாட்டில் வாங்கினால் நாலு பேர். அக்காவுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது யார்? நான்தான். பாவி, என் கையால்தான் அவள் கண்ணில் சொட்டு விட்டேன்.

அக்கா அழவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரெண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்தாள்.

"இன்னொருவாட்டி லைட்டு அடிச்சிப் பாருங்கம்மா. கொஞ்சமாச்சும் புரை இருக்கும்."