கழிவு பத்து

என் மேசை இழுப்பறையில் இரண்டு எடைச்சீட்டுகள் இருக்கின்றன. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கிழித்துக் கொடுத்தவை. மொத்தம், கழிவு, நிகரம் என்று மூன்று கட்டங்கள். பெயர் எழுதும் இடத்தில் என் அத்தையின் பெயர். இரண்டு சீட்டிலும் நிகரம் நூற்று முப்பத்தொன்று.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணவர் இறந்தபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். பத்தாவது முடித்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய அப்பாவிடம், "அவ காலேஜி போவா. நீ போயி ஆட்ட அவுத்து வுடு" என்று சொன்னவள் அவள்தான். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். இன்று இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊருக்கே விண்ணப்பம் நிரப்புகிறேன். நான் நிரப்பினால் திரும்பி வராது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

கர்ப்பப்பை எடுத்த பிறகு அத்தையின் உடம்பு வருடா வருடம் பெருத்தது. சர்க்கரை வந்தது, முட்டி போனது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. இரைப்பையைச் சுருக்கி அறுவை செய்யாவிட்டால் இதயம் அதிக நாள் தாங்காது என்று சேலத்து மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தை கேட்டது ஒன்றுதான்: "ஆபரேசன் பண்ணுனா நானா நடந்து போயி பஸ் ஏறுவனா?" ஏறலாம் என்றார். அதன்பின் அவளுக்குப் பயமே இல்லை. அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. காப்பீட்டு அலுவலகம் கேட்ட தாள்கள் ஒவ்வொன்றாக வளர்ந்தன. இதயத்துக்கு ஒரு சான்று, தைராய்டுக்கு ஒன்று, மனம் தெளிவாக இருக்கிறது என்பதற்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக ஆறு மாத உணவுக் கட்டுப்பாடு. மாதந்தோறும் எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கடைசியில் எடை கொஞ்சமாவது இறங்கியிருந்தால்தான் நோயாளி சொல்பேச்சுக் கேட்பவர் என்று அர்த்தம்.

எங்கள் ஊர் சுகாதார நிலையத்து எடைக்கருவியில் முள் நூற்றிருபதோடு நின்றுவிட்டது. "வேற எங்கியாச்சும் பெரிய மெசின்ல போட்டுச் சீட்டு கொண்டாங்க, நான் ஏத்திக்கறேன்" என்றார் நர்ஸ். சேலத்திலும் அப்போது பெரிய எடைமேடை பழுதாகிக் கிடந்ததால் எங்கள் சீட்டையே ஏற்றுக்கொண்டார்கள். அப்படித்தான் தக்காளி மண்டிக்குப் போனோம். பெட்டிகளை அடுக்கும் இரும்பு மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அத்தையை உட்கார வைத்தார் எடை போடுபவர். சுமை தூக்குபவர்களில் ஒருவன், "அண்ணா, பெங்களூரு லோடு வந்துருச்சு" என்றான். எனக்கு முகம் எரிந்தது. அத்தை திரும்பி, "ஆமா சாமி, ஏத்திவுட ஆளு பத்தாது. நீயும் வந்து ஒரு கை புடி" என்றாள். மேடையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவன்தான் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

முதல் சீட்டில் மொத்தம் நூற்று நாற்பத்தாறு, கழிவு பத்து, நிகரம் நூற்று முப்பத்தாறு. கழிவு என்றிருந்தது நாற்காலியின் எடை என்று நினைத்து, நிகரத்தை அழகான கையெழுத்தில் படிவத்தில் ஏற்றினேன். இரண்டு உருண்டை களி தின்றுகொண்டிருந்தவள் அரை உருண்டைக்கு இறங்கினாள். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் பார்க்க வெறும் மோரைக் குடித்துவிட்டு எழுந்தாள். ஆறாவது சீட்டில் மொத்தம் நூற்று நாற்பத்தொன்று, அதே கழிவு பத்து, நிகரம் நூற்று முப்பத்தொன்று. பரீட்சையில் தேறியது மாதிரி இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் இறுதிச் சோதனைக்காகச் சேலம் போனோம். அங்கே எடைமேடை சரியாகியிருந்தது. நூற்று முப்பத்தெட்டு காட்டியது. பதினைந்து நாளில் கடிதம் வந்தது. எடை கூடியுள்ளது, உணவுக் கட்டுப்பாடு கடைப்பிடிக்கப்படவில்லை, ஆறு மாதப் பதிவுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்.

நான் நிரப்பியது திரும்பி வந்துவிட்டது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "உண்மையச் சொல்லு அத்தெ. நாங்கல்லாம் வேலைக்குப் போனப்பறம் என்னா தின்ன?"

"நான் ஒண்ணும் திங்கல கண்ணு."

"அப்ப பேப்பரு பொய் சொல்லுதா?"

அத்தை தட்டில் இருந்த அரை உருண்டையை எடுத்துப்போய் நாய்க்கு வைத்தாள். அதன்பிறகு என் முன்னால் அவள் சாப்பிடுவதே குறைந்தது. நானும் சமையல்கட்டில் டப்பாக்களைத் திறந்து பார்க்கிறவளாக ஆனேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுபடி முதல் மாதம், மறுபடி அதே மண்டி. அன்று சுமை தூக்குபவன் வரவில்லை. நாற்காலியை நானே எடுத்தேன். ஒரு கையில் வந்துவிட்டது. தூக்கிய கையோடு நின்றுவிட்டேன். பத்து கிலோ ஒரு கையில் அப்படி வராது.

எடை போடுபவரிடம் கேட்டேன். அவர் சீட்டிலிருந்து தலை நிமிராமல், "நாக்காலிக்கு மூணு கிலோங்க. மீதி நூத்துக்கு அஞ்சு கழிவு, மண்டி வழக்கந்தானுங்களே. அழுகலு, நசுங்கலு இருக்கும்ல" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் மேடையில் இருப்பது யார் என்று அவருக்கு உறைத்தது. பேனாவை மூடிவிட்டார். "கைப்பழக்கமுங்க அக்கா. தெரியாமப் பண்ணிட்டேன்."

"ஏன் சாமி, ஏங்கிட்ட எது அழுவிப்போச்சு?" என்றாள் அத்தை. கேட்டுவிட்டுச் சிரித்தாள். மேடையின் சிவப்பு எண்கள் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கின. பிறகு என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள, நான் திங்கலைன்னு இப்பவாச்சும் நம்புறியா?" என்றாள்.

"ம்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சீட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மற்றதை, அனுமதி வரட்டும், ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

மண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கி, நடந்ததை விளக்கி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பழைய பதிவு செல்லாது, புதிதாக ஆறு மாதம் வேண்டும் என்று பதில் வந்தது.

நான்காவது மாதம் மேடையில் ஏற்றவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. எடை போடுபவர் நாற்காலியைத் தனியாக ஒருமுறை நிறுத்துக் காட்டிவிட்டுச் சீட்டு எழுதினார். மொத்தம் நூற்று முப்பத்துநாலு, கழிவு மூன்று.

"எவ்ளோ கண்ணு?"

"நூத்தி முப்பத்தொண்ணு அத்தெ."

"அட, அதே நம்பரு. அன்னிக்கி எழுதுனது இன்னிக்கித்தான் நெசமாயிருக்குது" என்றாள்.

அதற்கு ஒன்பதாம் நாள் முற்பகலில் தண்ணீர்த் தொட்டியருகே மூச்சு வாங்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தூக்க ஆள் போதவில்லை என்று தெரிந்து மண்டியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். பெங்களூரு லோடு என்று சொன்னவனும் தோள் கொடுத்தான்.

அவளுடைய கோப்பை மூடும் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் விண்ணப்பதாரர் இறப்பு. அது திரும்பி வரவில்லை.

இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு சீட்டும் கண்ணில் படுகின்றன. பழைய சீட்டில் மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஆனாலும் நடுக்கட்டத்தில் கழிவு பத்து என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது.