டாக்டர் முன்னால் நடந்த நடை

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூடுதல் இரண்டும் தாயில்லாமல் போன என் கொழுந்தனார் பிள்ளைகள். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து, பிள்ளைகள் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். ஆறு பேருக்கும் காய்ச்சல் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, வயலுக்குத் தண்ணீர் கட்டியது எல்லாம் நான்தான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எழுத்து கோணலாக இருக்கும். சொல்லுகிற விஷயத்தில் கோணல் இருக்காது.

என் வலது கணுக்காலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கணுக்காலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்த வீட்டில் இருந்தவளை ராஜபாளையத்தில் மகன் வீட்டில் கொண்டுவந்து போட்டது அதுதான். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எனக்கு அது வேறு தேசம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று வந்து கட்டியது. அவர் போன பிறகு நான் அங்கே தனியாக இருந்தேன். மூத்த மகன் ராஜபாளையத்தில் மில்லில் வேலை பார்க்கிறான். கருமாதி முடிந்த அன்றே வந்துவிடச் சொன்னான். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே அவனுக்குப் பதில் சொன்னேன்.

"காலு ஓடுற மட்டும் நான் இங்கனதான் இருப்பேன். காலு நின்னுச்சுன்னா நீ கூப்புடாமலே வாரேன்."

அப்போது என் கால் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு காலையில் எழுந்து வைக்கிற முதல் அடி வலிக்கத் தொடங்கியது. முள் குத்தினால் வெளியே இருந்து குத்தும். இது உள்ளேயிருந்து குத்தியது. கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். சாயங்காலம் கணுக்காலைச் சுற்றி வீங்கி, எலும்பு முட்டே தெரியாமல் போகும். படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. என் வீட்டில் குளிப்பதற்குப் பின்வாசலில் கல்படி இறங்க வேண்டும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவேன்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். மதில் மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏமி அக்கா, குளிக்கப் போறீங்களா, கும்மி அடிக்கப் போறீங்களா?"

"உனக்குத் துணி துவைக்குற வேலை இல்லையாட்டி? எம் படிய எதுக்கு எட்டிப் பாக்க?"

"சிரிப்பா வருது அக்கா. பொறவு அழுகையா வருது. டாக்டர்ட்ட காட்டுங்க."

காட்டாமல் இல்லை. எருக்க இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டர். ஒருத்தர் ரத்தத்தில் ஏதோ உப்புக் கூடிவிட்டது என்று பருப்பையும் கறியையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இளைத்தேன், வலி இளைக்கவில்லை. இன்னொருத்தர் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்து, இந்த வயதில் எல்லாருக்கும் இருக்கிற தேய்மானம்தான், காலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள் என்றார். தூக்கி இறக்கினேன். மூன்றாமவர் சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கலாம் என்றார். மூன்று பேரும் கடைசியில் ஒன்றேதான் சொன்னார்கள்: "வயசாச்சுல்ல."

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் டாக்டரிடம் போன விதம் அப்படி. காலையிலேயே குளித்து, கஞ்சி போட்ட சேலை உடுத்தி, வழியில் நொண்டக் கூடாது என்று வலி மாத்திரை ஒன்றையும் விழுங்கிவிட்டுத்தான் போவேன். பட்டாளத்துக்காரர் பெண்டாட்டி நொண்டிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும்? டாக்டர் அறைக்குள் நிமிர்ந்து நடந்து போய் உட்காருவேன். வைத்தியம் பார்க்கிறவர் முன்னால் காலை நீட்டுவது மரியாதை இல்லை என்று இரண்டு பாதத்தையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சேலைக்கு மேலாகவே முட்டியிலிருந்து கீழே வரைக்கும் தடவிக் காட்டுவேன். சேலைக் கரை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கணுக்காலை ஒருத்தரும் பார்த்ததில்லை. பார்க்க நான் விட்டதில்லை.

எல்லாம் வெளியே வந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு, அந்த மலைப் பெருமாளுக்கு வருஷம் தவறாமல் ஏறுகிறவள் நான். அன்றும் ஏறிவிட்டேன். கும்பிட்டு இறங்கும்போது பாதி வழியில் கணுக்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் கால் இல்லாத மாதிரி இருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இறங்குகிற கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. பிச்சை கேட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு அம்மா என் முன்னால் காசு போட்டுவிட்டுப் போனாள். அந்தக் காசை எடுக்கவும் முடியவில்லை, கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என் மகனுக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் மகன் வந்து நின்றான்.

"காலு ஓடுதாம்மா?"

"ஓடாமத்தான் உனக்குக் காப்பி போட்டுக்கிட்டு இருக்கேனாலே?"

"அடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிய. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எங்க ஊருல எலும்பு டாக்டரம்மா ஒருத்தர் புதுசா வந்திருக்காவ. அவிய தனியா இருக்கலாம்னு சொன்னா நான் வாயே தொறக்கல. இருக்கக் கூடாதுன்னா நீங்க வாயத் தொறக்கப்படாது."

சரி என்றேன். மூன்று டாக்டர் முன்னால் நடந்து காட்டியவள், நாலாவது டாக்டர் முன்னால் நடக்க மாட்டேனா என்று எனக்கு ஒரு திமிர்.

ராஜபாளையத்தில் அந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நான் வழக்கம்போல நிமிர்ந்து உள்ளே போனேன். உட்காரச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"பாட்டி, வலி மாத்திரை போட்டுட்டு வந்தீங்களா?"

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்குப் போடாம வாங்க. இன்னைக்கு உங்களைப் பாக்க முடியாது. மாத்திரையத்தான் பாக்க முடியும்."

அன்று மகன் வீட்டிலேயே தங்கினேன். காலையில் மாத்திரை இல்லாமல் புறப்பட்டேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே உயிர் போய் வந்தது. அந்த அம்மா செருப்பைக் கழற்றச் சொன்னாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து மேசை வரைக்கும் நடக்கச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன்.

"வலிக்காத மாதிரி நடக்காதீங்க பாட்டி. வலிக்கிற மாதிரி நடங்க."

ஆறு பிள்ளைகள் வளர்த்தவள். ஒருத்தர் முன்னாலும் அழுததில்லை. வீட்டுக்காரர் எல்லையில் நின்ற காலத்தில் ரேடியோவில் என்னென்னவோ சொல்வார்கள், பிள்ளைகள் முன்னால் முகம் மாறாமல் சோறு போட்டிருக்கிறேன். இப்போது ஒரு சின்னப் பெண் என்னை நொண்டச் சொல்கிறாள். நொண்டினால் வீடு போகும். நொண்டாவிட்டால் இந்தக் கால் என்னவென்று கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. நின்றேன். பிறகு வாயிலிருந்து காற்றை விட்டேன். உடம்பை அதன் போக்கில் விட்டேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை வெளிப்பக்கமாக வீசி, இழுத்துக்கொண்டு போனது. என் வீட்டுக்குள் நான் நடக்கிற நடையே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மகன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் காலைத் தூக்கி வைக்கச் சொன்னாள்.

"உங்க மூஞ்சிக்கு நேரா காலை நீட்டவா தாயி? வேண்டாம்."

"நான் உங்களைக் கும்பிட வரல பாட்டி, காலைப் பாக்க வந்தேன். வைங்க."

வைத்தேன். கட்டை விரலால் கணுக்காலுக்கு முன்பக்கம் ஒரே இடத்தில் அழுத்தினாள். சத்தம் போட்டுவிட்டேன்.

எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் வழக்கம்போலப் படுக்கப் போனேன். அங்கே இருந்தவர் தடுத்து, நிற்க வைத்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்றார். உடம்பின் பாரம் ஏறினால்தான் கணுக்கால் உண்மையைச் சொல்லுமாம். இரண்டு கணுக்காலையும் எடுத்தார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். இடது காலில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு இருந்தது. வலது காலில் அந்தக் கோடு இல்லை. எலும்பின் மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது.

"நடுவுல மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கும் பாட்டி. உங்களுக்கு அது முழுக்கத் தேஞ்சிருச்சு. கணுக்கால் மூட்டுத் தேய்மானம். இது வெறும் வயசால வந்தது மாதிரி தெரியல. முன்னாடி எப்பவாச்சும் இந்தக் கால்ல அடிபட்டுச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மூத்தவன் கைப்பிள்ளையாக இருந்த சமயம். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டும்போது பாதம் மடங்கி விழுந்தேன். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. எங்கள் பக்கம் தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விடும் என்பார்கள். அப்படிப் பிறந்த ஒருத்தி வந்து என் கணுக்காலில் தன் பாதத்தை வைத்து மிதித்து நீவினாள். கண்ணில் பொறி பறந்தது. அடுத்த வாரமே வயலில் இறங்கிவிட்டேன். சுளுக்கு விட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"அது சுளுக்கு இல்ல பாட்டி" என்றாள் டாக்டரம்மா. "எலும்பு விரிசல் விட்டிருக்கு. கோணலாச் சேந்திருக்கு. அதுலதான் இம்புட்டு வருஷம் நடந்திருக்கீங்க."

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வலி பொய் இல்லை. வயசு இல்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

"சரி பண்ணிரலாம்லா தாயி?"

அவள் படத்தை இறக்கி மேசையில் வைத்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தேய்ந்தது திரும்ப வளராது என்றாள். கணுக்காலைச் சுற்றி இறுக்கமான பட்டை, அடி வளைந்த செருப்பு, இடது கையில் கம்பு, வலி மிஞ்சினால் எப்போதாவது ஊசி. ஆபரேஷன் செய்து இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம், ஆனால் மாதக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது, சர்க்கரை இருப்பதால் புண் ஆறுவதும் கஷ்டம், இப்போதைக்கு வேண்டாம் என்றாள்.

அப்போது மகன் கேட்டான். "இவிய தனியா இருக்காவ மேடம். இருக்கலாமா?"

"படி இருக்கிற வீடா?"

"பின்வாசல்ல கல்படி. பாசி வேற."

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்தா எந்திரிக்க முடியாது பாட்டி. யாராவது கூட இருக்கணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டவள்தானே.

துணிமணி எடுக்கப் போன அன்று பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கேலி பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகன் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தச் சாவி அதுவரை என் இடுப்பை விட்டு நகர்ந்ததில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டு என்ன செய்ய? கதவு வரைக்கும் நடந்து போக வேண்டுமே.

இங்கே ஒரு குறையும் இல்லை. மருமகள் காப்பியைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். "அத்தை, எந்திரிக்காதிய, நான் எடுத்துத் தாரேன்" என்பது அவள் வாயிலிருந்து வருகிற நல்ல சொல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைக் கேட்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். திட்டினால் திருப்பித் திட்டலாம். பிரியமாக இருக்கிறவளை என்ன செய்வது? பட்டையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலி முன்பைவிடக் குறைவுதான். நடந்தால்தானே வலிக்கும்.

போன வாரம் மகன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை பார்க்கிற ஒருத்தர் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை வாடகைக்குக் கேட்கிறாராம். பின்வாசல் படியை இடித்துவிட்டு, உள்ளேயே குளியலறை கட்டிக் கொடுக்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றான் மகன். என்னிடம் சொல்லவில்லை. அவன் அப்பா கையால் வைத்த படி அது. அதை இடிக்கலாம் என்றால், எனக்காக இடித்திருக்கலாமே. அந்த யோசனை அவனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. தரை சமமாக இருந்து, கூட ஒரு ஆளும் இருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன்.

இதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதினேன். என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குக் காலேஜ் இல்லை. உள்ளே அவள் அப்பன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

ஏட்டி, செத்த நேரம் அந்தப் போனைக் கீழே வை. கதவை நல்லா திறந்து வச்சுட்டு, இதை முதல்லயிருந்து வாசி. சத்தமா வாசி.