கரடி பொம்மையின் இடத்தில்

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். நாலு வயதுப் பேத்தி ஜெனி தன் பொம்மைகளையும் வரிசையாக உட்கார வைப்பாள். நான் கண்ணை மூடினால் ஊர் உலகத்துக்கெல்லாம் ஜெபித்துவிட்டுத்தான் திறப்பேன். ‘பக்கத்து வீட்டுச் செல்லப்பனையும் ஆசீர்வதியும் ஆண்டவரே’ என்பதும் அதில் உண்டு. ஆனால் எங்கள் தென்னைமட்டை விழுந்து அவர் வீட்டு ஓடு உடைந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

போன மாதம் ஒரு நாள் ‘ஆமென்’ சொல்லிக் கண் திறந்தால் ஜெனியைக் காணவில்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. எதிரே குளம். மருமகள் அலற, நான் வேட்டி தடுக்க ஓடினேன்.

முற்றம் தாண்டுவதற்குள், செல்லப்பனின் விரலைப் பிடித்து இழுத்தபடி ஜெனி எதிரே வந்தாள்.

“கரடி பொம்மை பிஞ்சு போச்சு தாத்தா. அந்த எடத்துல இருக்க ஆள் வேணும்லா? இவியளுக்காகத்தானே தெனமும் ஜெபம் பண்ணுவிய?”

செல்லப்பன் நெளிந்தார். “பிள்ளை விடமாட்டேங்குது, அண்ணாச்சி.”

“உள்ள வாரும் ஓய்” என்றேன்.

யானைக்கும் முயலுக்கும் நடுவே அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் ஆமென் சொல்லும் முன்பே ஆண்டவர் பதில் அனுப்பியிருக்கிறார்.

இப்போதெல்லாம் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் ஜெபத்தைத் தொடங்குகிறேன். அதுவும், செல்லப்பன் உள்ளே வந்த பிறகு.