றிஸ்னா கத்திய பகல்

கல்முனையில் எங்கள் ஒழுங்கைக்குள் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் நுழைந்தால், அதை நிறுத்த யாரும் வாசலுக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்து வீட்டு றிஸ்னா குசினிக்குள் நின்றே ஒரு குரல் கொடுப்பாள். பிரேக் தானாக விழும். அப்படிப்பட்ட வாய்க்காரி, முதல் பிள்ளையைப் பெறும்போது மட்டும் வாயே திறக்கவில்லை. அந்தக் கூத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் அவளுடைய உம்மா ஸைனம்புவால் வந்தது. அந்தக் குடும்பத்தில் பெண்கள் பிரசவ நோவில் சத்தம் போடக்கூடாது. வெளியே நிற்கும் ஆண்களின் காதில் விழுந்தால் வெட்கக்கேடு.

"மனசுக்குள்ள ஸலவாத்து ஓது மகள். வாயத் துறக்கப்படாது" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினார்.

றிஸ்னாவும் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தாதி வந்து கேட்டபோதெல்லாம் "பரவாயில்ல மிஸ்" என்றாள். பரவாயில்லை என்கிறவளுக்காக யார் அவசரப்படுவார்கள்? நோவு குறைக்கிற ஊசிக்கு நேரம் தப்பிப்போனது. பிள்ளை பாய்ந்துகொண்டு வந்தது, அவள் கிழிந்துபோனாள். வாரக்கணக்காக ஒழுங்காக உட்காரக்கூட முடியவில்லை. ஸைனம்புவோ பிள்ளை பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என்ட மகள் ஒரு சத்தம் போடல்ல" என்று பெருமையடித்தார். கலியாணமாகாத தங்கை ஸப்னா அதைக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி பரிமாறினாள்.

இனிப் பிள்ளையே வேண்டாம் என்று றிஸ்னா பயந்து கிடந்தது அவள் புருஷன் இன்பாஸுக்கும் எனக்கும்தான் தெரியும். சில வருடங்கள் கழித்து இரண்டாவது தங்கியபோது, மூத்த சகோதரியிடம் போல என்னிடம் அழுது முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பெறத்தான் போறன் ராத்தா. ஆனா அப்பிடிப் பெறமாட்டன்."

கிளினிக்கில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது விதுஷா, பக்கத்து ஊர் பாண்டிருப்புப் பெண், அவளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். "அக்கா, எங்க நோகுது, எப்பிடி நோகுது எண்டு நீங்க வாய் துறந்து சொன்னாத்தான் ஆஸ்பத்திரியில விளங்கும்."

மூச்சை நீட்டி விடுவதையும், நோவு வரும்போது முன்னால் சாய்ந்து நிற்பதையும், இடுப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அமர்த்துவதையும் காட்டிக்கொடுத்தாள். றிஸ்னா சோறு வடிக்கும்போதும் ஊ, ஊ என்று மூச்சு விட்டுப் பழகினாள். "குசினிக்குள்ள கப்பல் வந்திரிக்கி" என்று இன்பாஸ் பகிடி பண்ணுவான். பகிடி பண்ணிக்கொண்டே இடுப்பை அமர்த்தவும் பழகினான், பாவம். ஆனால் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள்.

நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"இல்ல ராத்தா. உம்மாதான் வரணும். அவங்களுக்கு முன்னாலதான் நான் கத்தணும்."

"ஸபூர் வேணும் மகள்" என்று ஆஸ்பத்திரி வாசலிலும் சொன்னார் ஸைனம்பு.

"ஸபூர் எண்டா பொறுமை, வாயப் பொத்துறதில்ல உம்மா."

உள்ளே நடந்ததைப் பிறகு றிஸ்னாவே சொன்னாள். நல்ல பகல் வெயிலில் நோவு கூடியது. கட்டிலைப் பிடித்து நின்று மூச்சை நீட்டி விட்டாள். அது போதாமல் போனதும், "மிஸ், எனக்குத் தாங்க ஏலாது. ஊசி போடுங்க" என்று உரத்துக் கேட்டாள். தாதி பார்த்துவிட்டுப் போட்டாள். நோவு போய்விடவில்லை, கொஞ்சம் மழுங்கியது. அடுத்த பெரிய நோவுக்கு, "யா அல்லாஹ்!" என்று அவள் போட்ட சத்தம் வெளியே நின்ற இன்பாஸுக்கே கேட்டது.

ஸைனம்புவின் கை பழக்கத்தில் மகளின் வாய்க்குப் போனது. றிஸ்னா அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடுப்பின் பின்னால் வைத்தாள்.

"இங்க அமத்துங்க உம்மா. இன்னும். நல்லா."

அவர் அமர்த்தினார். மகள் கத்தக் கத்த அமர்த்தினார். பின்னாலிருந்து விசும்பல் கேட்டது.

"எனக்கு ஆரும் அமத்தல்ல மகள்."

தள்ளச் சொன்னபோது தள்ளி, நிறுத்தச் சொன்னபோது நிறுத்தி, றிஸ்னா பெண்பிள்ளை பெற்றாள். இந்த முறை பெரிய காயமில்லை.

பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, "இந்த முறையும் சத்தமில்லாமத்தானே?" என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸைனம்புவைப் பார்த்தேன்.

"கத்தினாள். வெளிய நிண்ட ஆக்களெல்லாம் கேட்டிருப்பாங்க. நான்தான் இடுப்ப அமத்தினன்."

பெருமையில் ஒரு குறைச்சலுமில்லை. பிறகு, இப்போது கலியாணமாகி நிறைவயிற்றோடு இருந்த ஸப்னாவின் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் நான்தான் வருவன். வாயப் பொத்திட்டுக் கிடக்காத, கேட்டியா?"