பூட்டுக்காரர் அவசரப்பட்ட வெள்ளிக்கிழமை

பூட்டுக்காரர் என்றதும் கையில் சாவிக்கொத்தோடு நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்துவிட வேண்டாம். அவருக்குச் சொந்தமாக இருப்பது இரண்டே பூட்டு: வீட்டுக் கதவில் ஒன்று, சைக்கிளில் ஒன்று. அந்த சைக்கிள் சாவியையும் மாதம் ஒரு தடவை தொலைத்துவிட்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டுவார். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாத்தியார்கள் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பார், பிள்ளைகள் கீபோர்டில் கொட்டிய ஜூஸைத் துடைப்பார், பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக் கசங்கிய காகிதத்தை உருவுவார். வயது ஐம்பத்திரண்டு. கோபம் வந்தால் குரலை உயர்த்தத் தெரியாது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

பிறகு ஏன் பூட்டுக்காரர் என்றால், அது அவருடைய இன்னொரு வேலையால் வந்த பெயர். கிளினிக்குகளில் டோக்கன் கொடுத்து, நம்பரை ஸ்கிரீனில் காட்டிக் கூப்பிடுகிற ஒரு புரோகிராம் இருக்கிறது. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். நாட்டுக்கு ஒருவர் இருவராக ஒரு முப்பது பேர், ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்க்காமலே, சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லாமல் அதை வளர்க்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிய பதிப்பு வெளிவரும். வெளிவருவதற்கு நாலு வாரம் முன்னால் ஒரு நாள் குறித்து, ‘இனி புதுசாக எதையும் சேர்க்கக் கூடாது, இருப்பதில் தப்பு இருந்தால் திருத்தலாம், அவ்வளவுதான்’ என்று நிறுத்திவிட வேண்டும். அதைத்தான் அவர்கள் பூட்டு என்பார்கள். வண்டி கிளம்பிய பிறகும் ஆள் ஏறிக்கொண்டே இருந்தால் ஊர் போய்ச் சேர முடியுமா என்ன? அந்தப் பூட்டைப் போடும் பொறுப்பு இவருடையது.

ஆரம்பத்தில் அவர் இவ்வளவு கறாரான ஆளில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, தாடி கெஞ்சினான். தாடி என்பது தூர தேசத்தில் இருக்கும் ஒரு பையாலஜி ஆராய்ச்சிக்காரன். அவனுடைய புரொஃபைல் படத்தில் தாடியைத் தவிர வேறெதுவும் தெரியாது. “அண்ணே, ரெண்டே ரெண்டு வரிண்ணே. ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றான். இவரும் மனசு இளகித் தள்ளிப் போட்டார். அந்த இரண்டு வரி செய்த கூத்து இருக்கிறதே! புதிய பதிப்பைப் போட்ட கிளினிக்கிலெல்லாம் மதியம் பன்னிரண்டு மணி அடித்ததும் டோக்கன் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. காலையில் வந்த ஒன்றாம் நம்பரும் மதியம் வந்த ஒன்றாம் நம்பரும் டாக்டர் கதவில் முட்டிக்கொண்டார்கள்.

அதில் ஒரு கிளினிக், அவருடைய மனைவி முன்மேசையில் உட்காரும் கண் கிளினிக். அன்று சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்து கைப்பையைச் சோபாவில் எறிந்த வேகத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. “ரெண்டு ஒன்னாம் நம்பரும் என் மேசைக்கு முன்னாடி நின்னு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. உங்க புரோகிராமாம், உங்க பூட்டாம்!” என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்குப் பிறகுதான் இவர் இரும்பானார். யார் கெஞ்சினாலும் “பூட்டு பூட்டுதான்” என்று ஒரே பதில். பூட்டுக்காரர் என்ற பட்டமும் அப்போது கிடைத்ததுதான். உள்ளுக்குள் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த மனைவிக்கு ஒரு குறை இருந்தது. கண் கிளினிக்கில் பரிசோதனைக்கு முன்னால் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். விட்டதும் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும். அந்தக் கண்ணோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்கிரீனில் ஓடும் நம்பர் எங்கே தெரியப்போகிறது? அவருடைய நம்பர் வந்து போய்விடும். போனது போனதுதான், புதிய டோக்கன் எடுத்துக் கடைசியில் நிற்க வேண்டும். புரோகிராமுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். பேச்சு வாங்குவது மட்டும் முன்மேசை. ஆகவே ஒரு வருடத்துக்கு முன்னால் அவர், புருஷனிடம் சொல்லாமல், மற்ற எல்லோரையும் போலக் கோரிக்கைப் பக்கத்தில் போய் எழுதினார்: நம்பரைத் தவறவிட்டவரை மூன்று பேருக்குப் பிறகு மறுபடி வரிசையில் சேர்க்க ஒரு பட்டன் வேண்டும்.

கீழே இருந்த பெயரைப் பார்த்ததுமே அது யாருடைய மனைவி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோரிக்கை நல்ல கோரிக்கை. ஆனால் பூட்டுக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொந்த வீட்டு விஷயத்தை முன்னால் தள்ளுகிறார் என்று நாலு பேர் நினைத்துவிட்டால்? ஒரு பதிப்பு அப்படியே போயிற்று. இரண்டாவது பதிப்புக்குத் தாடியே அதைக் கையில் எடுத்தான். “அண்ணி கேட்டதை நான் முடிச்சுத் தரேன்” என்று சொல்லி மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தான்.

பூட்டு நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குத் தாடியிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணே, முக்கால்வாசி முடிஞ்சுது. இன்னும் கொஞ்ச நேரம் வேணும்.” இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு அடித்ததும், வேலை நாள் முடிந்தது என்று கணக்கு வைத்து, “பூட்டு பூட்டுதான்” என்று எழுதி, பூட்டிவிட்டார்.

ஆறரைக்கு மனைவி வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, “என் பட்டன் என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“நேரம் முடிஞ்சுது. பூட்டிட்டேன்.”

“சரி” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த ‘சரி’யின் எடை அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும், சொந்தப் பெண்டாட்டிக்கே விட்டுக்கொடுக்காத ஆள் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு படுத்து, வெட்கமே இல்லாமல் நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணக்கு டீச்சரின் செய்தி வந்தது. அவர் வேறொரு நாட்டில் பள்ளி ஆசிரியை, புதிய பதிப்புகளைச் சோதித்துப் பார்ப்பவர், ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறியிருந்தாலும் விடமாட்டார். ‘சார், விதிகளில் மூன்றாவதைக் கொஞ்சம் படிக்கிறீர்களா?’ என்று கேட்டு அந்த விதியையும் கீழே ஒட்டியிருந்தார். ‘பூட்டு நாள் என்பது, உலகத்தின் கடைசி மூலையிலும் அந்த நாள் முடிந்த பிறகுதான் முடியும். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதற்காக யாரும் நேரத்தை இழக்கக் கூடாது.’ அதற்கும் கீழே, ‘இதை எழுதியது யார் என்று நினைவிருக்கிறதா?’

நினைவில்லாமல் என்ன? எழுதியவரே இவர்தான். உலகத்தின் கடைசி மூலையில் வெள்ளிக்கிழமை முடியும்போது இவர் ஊரில் சனிக்கிழமை மதியம் ஒரு மணி. ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கைப் போட்டு, சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குத்தான் பூட்டுவார். இந்தத் தடவை மட்டும் தன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, பத்தொன்பது மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டார். மூக்குக் கண்ணாடி கழன்றது. சட்டை நுனியில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். “என்னங்க, கண்ணாடி தேஞ்சுடப் போகுது. என்ன விஷயம்?”

சொன்னார். “மறதியில நடந்துபோச்சு” என்றும் சேர்த்துக்கொண்டார்.

“மறதியா?” மனைவி கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். “வேற யாரோட விஷயமா இருந்தா கடிகாரத்தை இன்னொரு தடவை பாத்திருப்பீங்க. என் விஷயம்கிறதால, எப்படா ஆறு அடிக்கும்னு காத்துட்டு இருந்தீங்க. நாலு பேர் பேசிடுவாங்களோன்னு பயம். அந்தப் பயத்துக்கு என்னைப் பலி குடுத்துட்டு, அதுக்கு நேர்மைன்னு பேர் வேற!”

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. நேற்று சாயங்காலம் தான் கடிகாரத்தைப் பார்த்த பார்வை அவருக்கே ஞாபகம் வந்து, கூச்சமாக இருந்தது. அப்புறம் உட்கார்ந்து, முப்பது பேரும் படிக்கும்படி எழுதினார்: ‘நேற்று நான் பூட்டியது தப்பு. விதியை எழுதியவனே மீறிவிட்டேன். மன்னிக்கவும். பூட்டைத் திறந்துவிட்டேன். மதியம் ஒரு மணி வரை திறந்திருக்கும்.’

தாடி எழுந்து செய்தியைப் பார்க்கவே பத்தேகால் ஆகிவிட்டது. “அண்ணே, நீங்க தெய்வம்ணே” என்று எழுதினான். “தெய்வமெல்லாம் இல்ல, வேலையைப் பாரு” என்று இவர் பதில் போட்டார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டன் வந்து சேர்ந்தது.

சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்? மனைவி சமையலறையிலிருந்து டப்பா மூடிகளாக ஒரு இருபது எடுத்து வந்து, ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி மேசையில் வரிசையாக வைத்தார். மூடிகள்தான் நோயாளிகள். “பதினாலாம் நம்பர் சொட்டு மருந்து விட்டுக்கிட்ட பெரியவர். ஸ்கிரீன் தெரியல” என்று சொல்லி ஒரு மூடியைத் தள்ளி வைத்தார். பட்டனை அழுத்தினார். மூன்று பேருக்குப் பிறகு பதினாலு வந்து நின்றது. மனைவியின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும், ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகப் பூட்டுக்காரர் தன்னையே நொந்துகொண்டார்.

“இருங்க, எங்க கிளினிக்ல ஒருத்தர் மட்டும் தவறவிடுவாங்களா என்ன?” மனைவி இன்னும் இரண்டு மூடிகளைத் தள்ளினார், அடுத்தடுத்துப் பட்டனை அழுத்தினார், ஸ்கிரீனையும் மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏங்க, பதினேழு எங்க?”

பதினேழைக் காணோம். இரண்டு பேர் அடுத்தடுத்துத் திரும்பி வந்தால், ஒழுங்காக உட்கார்ந்திருந்த பதினேழாம் நம்பர் வரிசையிலிருந்தே மாயமாகிவிடுகிறார். நாலு தடவை செய்து பார்த்தார்கள். நாலு தடவையும் பதினேழு காலி. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. தாடிக்குச் சொன்னார்கள். அவன் அடித்துப் பிடித்துக்கொண்டு தேடினான். பன்னிரண்டு ஐம்பதுக்கு, “அண்ணே, எங்க இடிக்குதுன்னே தெரியல” என்று எழுதினான்.

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “இப்போதைக்கு உள்ள விட்டுடலாம். பூட்டின பிறகு தப்பைத் திருத்திக்கலாம். விதியில அதுக்கு இடம் இருக்கு.”

அரைகுறையாக உள்ளே தள்ளிவிட்டு அப்புறம் ஒட்டுப்போடுவது. இத்தனை வருடமாக அவர் யார் செய்தாலும் விடாமல் திட்டிய வேலையே அதுதான். அந்த இரண்டு ஒன்றாம் நம்பர்களும் பிறந்தது அந்த வழியில்தான். மனைவிக்கும் அது தெரியும். பதினேழு என்று எழுதிய மூடியைக் கையில் எடுத்தார்.

“இந்த ஆளு காலையிலேர்ந்து நகராம உக்காந்திருக்காரு. அவரைக் காணாமப் போக்கிட்டு, அவர்கிட்ட நின்னு பதில் சொல்லப்போறது நான்தான். நேத்து என் விஷயம்னு சீக்கிரம் பூட்டினீங்க. இன்னைக்கு என் விஷயம்னு அரைகுறையா உள்ள விடப் பாக்குறீங்க. ரெண்டும் ஒன்னுதான். பட்டனை எடுத்துட்டுப் பூட்டுங்க.”

“இன்னும் ஆறு மாசம் ஆகுமேம்மா.”

“ஆகட்டும். என் மேசைக்குப் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்டு, சொட்டு மருந்து விட்டவங்களை அங்க உக்கார வெச்சுக்கறேன். நம்பர் வந்தா தோளைத் தட்டிச் சொல்லிட்டாப் போச்சு. இவ்வளவு நாள் இது ஏன் தோணலைன்னுதான் தெரியல.” சொல்லிவிட்டு மூடிகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனார். போகிற போக்கில், “தாடியைத் திட்டாதீங்க, பாவம்” என்றும் சொன்னார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பூட்டுக்காரர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ ஒரு வரியைச் சேர்த்தார். சரியாக ஒரு மணிக்குப் பூட்டினார். பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பல நாள் கழித்து அவருக்கு அன்று நன்றாகப் பசித்தது.

நாலு வாரம் கழித்துப் புதிய பதிப்பு வெளிவந்தது. ஒரு நம்பரும் காணாமல் போகவில்லை, ஒருவரும் முட்டிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, அவர் எதிரே வந்து நின்றார்.

“புதுசுல உதவினவங்க பட்டியல்னு ஒரு பக்கம் இருக்கு, பாத்தேன். என் பேரையும் போட்டிருக்கீங்க.”

“நீ சோதிச்சுப் பாத்தியே. அதான்.”

“அகர வரிசைப்படின்னு மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. என் பேரு கடைசியில வரணும். முதல்ல இருக்கு.”

பூட்டுக்காரர் கண்ணாடியைத் தொடக்கூட இல்லை. “ஆமா, தப்புதான். ஆனா பூட்டியாச்சே.”

“பூட்டினாலும் தப்பைத் திருத்தலாம்னு உங்க விதி சொல்லுதே?”

“சொல்லுது. யாராவது புகார் குடுத்தா உடனே திருத்திடுவேன்.”

 மனைவி முகம் கழுவப் போனார். ஒரு முற்றுப்புள்ளியைக்கூட விடாத கணக்கு டீச்சர் அந்தப் பக்கத்தை நிச்சயம் படித்திருப்பார். அவரும் புகார் கொடுக்கவில்லை, மனைவியும் கொடுக்கவில்லை. அந்தத் தப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.